துணிவா, பேராசையா?

சதுரங்கத்தில் வெற்றி, தோல்வி என்ற இரண்டோடு 'டிரா' என்ற மூன்றாவது முடிவும் உண்டு. ஆளுக்கு அரைப் புள்ளி பெற்றுக் கைகுலுக்கிப் பிரிந்துவிடலாம். அந்த அரைப் புள்ளியோடு நிற்காமல் மேலும் போராடுவது துணிவா, பேராசையா? நம் சென்னை குகேஷ் ஆடிய இரண்டு ஆட்டங்களைக் கொண்டு இதனைச் சிந்திப்போம்.

முதலாவது, தாம்பரத்திற்கு அதிகத் தொலைவில்லாத மாமல்லபுரத்தில், 2022 ஆகஸ்டில் நடந்த ஒலிம்பியாட்டின் 10-ஆம் சுற்று. முதல் 8 ஆட்டங்களையும் வென்றிருந்த 16 வயது குகேஷ், உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவை எதிர்த்தார். கைக்கெட்டிய வெற்றி நழுவிய பின்னும் அவர் டிராவை நாடவில்லை. நேர நெருக்கடியில் ஒரு தவறு; ஆட்டமே போயிற்று. உஸ்பெகிஸ்தான் தங்கம் வென்றது. குகேஷின் அணிக்கு வெண்கலமே கிட்டியது.

இரண்டாவது, 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் 14-ஆம் ஆட்டம். குகேஷும் சீனாவின் டிங் லிரெனும் ஆளுக்கு ஆறரைப் புள்ளியுடன் சமமாக நின்றனர். இதுவும் டிராதான் என்று பலரும் எண்ணினர். குகேஷோ, கூடுதலாக இருந்த ஒரே ஒரு சிப்பாயை நம்பி விடாது ஆடினார். 55-ஆம் நகர்த்தலில் டிங் தம் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். யானைகளும் மந்திரிகளும் வெட்டுப்பட்டன. மேலும் மூன்றே நகர்த்தல்களில் டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனார்.

"டிங் தவறியதால்தானே வெற்றி?" என்பர் சிலர். உண்மைதான். ஆனால் முன்பே டிராவுக்கு இசைந்திருந்தால் அந்தத் தவறு நேர்ந்தே இராது அல்லவா? சிங்கப்பூரில் துணிவு என்று நாம் கொண்டாடிய அதே குணத்தைத்தான் மாமல்லபுரத்தில் பேராசை என்று குறை கூறினோம். ஆடியவர் மாறவில்லை, முடிவுதான் மாறியது. முடிவைப் பார்த்து முயற்சிக்குப் பெயர் சூட்டுவது நியாயமாகாது.

நம் வகுப்பறையிலும் இதே வழக்கம் உண்டு. கணக்குத் தேர்வில் எளிய வினாவை விட்டுக் கடினமானதை முயன்று மதிப்பெண் இழந்தவளை, "உனக்கேன் இந்த வேலை?" என்று கேட்கிறோம். விடை சரியாக வந்துவிட்டாலோ அவளையே கெட்டிக்காரி என்கிறோம். இப்படியே போனால், தோற்றுவிடுவோம் என்ற அச்சத்தில் அரைப் புள்ளியோடு எழுந்து போகத்தான் பெண் பிள்ளைகள் கற்றுக்கொள்வோம்.

பட்டம் வென்ற அன்று குகேஷ், டிங்கை உண்மையான சாம்பியன் என்று பாராட்டினார். தோல்வியின் கசப்பை அறிந்தவர் அல்லவா! பெற்றோரே, தோழியரே, தோற்றுத் திரும்பும் பெண்ணிடம், "டிரா செய்திருக்கலாமே" என்று சொல்லும் முன், அவள் எப்படிப் போராடினாள் என்று கேட்போம்.

— பத்தாம் வகுப்பு மாணவி