வசனம் இல்லை, வாழ்க்கை இருக்கிறது

வசனம் இல்லாவிட்டால் பாமர மக்களுக்குப் படம் புரியாது என்று சினிமா முதலாளிகள் சாதிப்பதுண்டு. அது பொய் என்பதற்கு 1960-ல் வெளிவந்த ‘நிர்வாணத் தீவு’ என்ற ஜப்பானியப் படமே சாட்சி.

இதன் டைரக்டர் கனேட்டோ ஷிண்டோ, பெரிய ஸ்டூடியோவை விட்டு வெளியேறி, 1950-ல் சகாக்களுடன் சொந்தக் குழு கண்டவர்.

கதை என்ன? தண்ணீரில்லாத சிறு தீவில் ஓர் உழவர் குடும்பம். கணவனும் மனைவியும் பக்கத்துத் தீவிலிருந்து படகில் தண்ணீர் கொணர்ந்து, தோளில் சுமந்து, மேடேறிப் பயிருக்கு ஊற்றுகிறார்கள். ஒரு நாள் மனைவி கால் இடறித் தண்ணீரைக் கொட்டிவிடுகிறாள், கணவன் அறைகிறான். தண்ணீரின் விலையை எந்த வசனம் இதைவிட நன்றாகச் சொல்லும்? மூத்த மகன் காய்ச்சலில் விழுகிறான். டாக்டர் வருவதற்குள் உயிர் போய்விடுகிறது. பேச்சு அநேகமாக இல்லை. ஹிகாரு ஹயாஷியின் இசையே துணை வருகிறது.

‘விதியே என்று இருக்கச் சொல்லும் படம்’ எனச் சிலர் குறை கூறுவர். நாம் அதை ஏற்கவில்லை. மகனைப் புதைத்த தாய் தண்ணீரைக் கவிழ்த்து, பயிரைப் பிடுங்கி எறிந்து கதறுகிறாளே, அது பணிவா? அவள் மீண்டும் வேலைக்குத் திரும்புவது உண்மைதான், வயிறு காத்திருக்காது. ஆனால் தண்ணீரும் வைத்தியமும் அத்தீவுக்கு ஏன் எட்டவில்லை?

1961-ல் மாஸ்கோ திரைப்பட விழா இதற்குத் தலையாய பரிசைப் பகிர்ந்தளித்தது. படம் கேள்வியை எழுப்பிவிட்டது. பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்.