கன அடிக்கு விலை பேசுமுன்

சென்னையில் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு ஒன்றை இடிக்க ஒப்பந்தம் பேசினால், பல நேரங்களில் வீட்டுக்காரர் கூலி கொடுப்பதில்லை. அவருக்குத்தான் பணம் வருகிறது. இடிப்பவர் வீட்டைச் சுற்றிவரும்போதே கூரைச் சட்டங்களையும் நிலைகளையும் கதவுகளையும் சன்னல் கம்பிகளையும் மனத்துக்குள் விலைபோட்டு முடித்துவிடுவார். எத்தனை சீக்கிரம் மனையைக் காலி செய்கிறாரோ அத்தனை இலாபம். அதனால் மேலே சுண்ணாம்புத் தளம் உடைந்ததும் சட்டங்கள் கடப்பாரையால் நெம்பித் தள்ளப்படுகின்றன. அந்த உயரத்திலிருந்து விழும் தேக்கு ஒடியாமல் இருக்கலாம். நாரோட்டத்தில் விட்ட விரிசல் மட்டும் பிறகு பட்டறையில் இழைக்கும்போது தெரியவரும்.

அங்கிருந்து மரம் பழைய சாமான் கடைக்குப் போகிறது. எந்த முனை சுவருக்குள் இருந்தது, மேல்முகம் எது, எத்தனை அடி இடைவெளியைத் தாங்கியது, மேலே மொட்டை மாடியா இன்னொரு தளமா என்பதெல்லாம் வழியிலேயே தொலைந்துபோகின்றன. மிஞ்சுவது நீளம், அகலம், கனம். அதைப் பெருக்கிக் கன அடிக்கு விலை சொல்கிறார்கள், நாமும் வாங்குகிறோம். பழைய மரத்தைக் கட்டடத்தில் பயன்படுத்தும் கலைஞர்களும் பொறியாளர்களும் ஆசாரிகளும் படிக்கும் இந்த இதழ் இந்தப் பழக்கத்தை எதிர்க்கிறது. மரம் எங்கே, எப்படி நின்றது என்ற விவரமும் மரத்தின் தரத்தில் சேர்ந்தது. அது இல்லாத உத்திரத்தைப் பாரம் தாங்கும் வேலைக்கு மறுபடி போடுவது துணிச்சல் மட்டுமே.

இத்தனை பாடுபட அந்த மரத்தில் என்ன இருக்கிறது என்று இளைய பொறியாளர்கள் கேட்பதுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பர்மாவிலிருந்து வந்த தேக்கு இயற்கைக் காட்டில் மெல்ல முதிர்ந்த மரம். வெட்டுவதற்கு முன் அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெளிமரத்தையும் வளையமாகக் கொத்தி, நின்ற நிலையிலேயே இரண்டு மூன்று ஆண்டு காயவிட்டார்கள். பச்சைத் தேக்கு ஆற்றில் மிதக்காது. காய்ந்தால்தான் தெப்பம் கட்டி இறக்க முடியும். போக்குவரத்துக்காகச் செய்த அந்த வேலை மரத்தைப் பக்குவப்படுத்தவும் உதவியது. 1852-இல் கீழ்பர்மா ஆங்கிலேயர் கைக்கு வந்தபின் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வட்டித் தொழில் அங்கே பெருகியது. கானாடுகாத்தானிலும் தேவகோட்டையிலும் வளவைச் சுற்றி நிற்கும் தூண்கள் அந்தக் காலத்தின் வரவு. மியான்மர் 2014 ஏப்ரல் முதல் தேக்கு உருட்டுமர ஏற்றுமதியையே நிறுத்திவிட்டது. இன்று தோட்டத்தில் இருபது முப்பது ஆண்டில் வெட்டும் தேக்கில் வைரம் குறைவு, வெள்ளை அதிகம். பழைய மரத்துக்குக் கிராக்கி வந்ததற்குக் காரணம் அழகுணர்ச்சி மட்டுமில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கடையில் இருக்கும் பழைய மரமெல்லாம் பர்மா தேக்கு ஆகிவிடாது. வேங்கையும் பலாவும் மருதும் அதே பெயரில், அதே விலையில் போகின்றன. புது மரத்தைச் சுட்டு, கம்பித் தூரிகையால் தேய்த்து, சாயமேற்றி வயதாக்குவதும் தொழிலாகவே நடக்கிறது. முனையில் ஓரங்குலம் அறுத்துப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

சரி, நல்ல மரம்தான் என்று வைத்துக்கொள்வோம். முதலில் பார்க்க வேண்டியது முனைகள். மெட்ராஸ் டெரஸ் சட்டத்தின் இரு முனைகளும் சுவருக்குள் புதைந்திருந்தவை. மழைநீர் இறங்கியதும் சுண்ணாம்பு ஈரத்தைப் பிடித்துவைத்ததும் அங்கேதான். மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சணம் மரத்தைத் தின்பதில்லை. நடுச்சட்டம் நூறாண்டு உலர்ந்தே இருந்திருக்கும். புதைந்த முனை அப்படி இருந்திருக்காது. வெளியே கெட்டியாகத் தெரிந்தாலும் குத்தூசி சுலபமாக இறங்கினால் அந்தப் பகுதியை வெட்டித் தள்ள வேண்டியதுதான்.

வெட்டினால் நீளம் போகிறதே என்று வாடிக்கையாளர் வருந்துவார். அவருக்கு ஒரு கணக்கைக் காட்டலாம். 12 அடி இடைவெளியைத் தாங்கிய சட்டத்தை இரு பக்கமும் ஓரடி குறைத்து 10 அடிக்குப் போட்டால், அடிக்கு அதே பாரம் என்ற கணக்கில், பெண்டிங் மொமென்ட் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைகிறது. தொய்வு பாதிக்கும் கீழே வந்துவிடுகிறது. பழைய சட்டத்தைப் பழைய இடைவெளிக்கே போட வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாவிட்டால், இந்த இழப்பே பாதுகாப்பாகிறது.

தொய்ந்த உத்திரத்தைக் கவிழ்த்துப் போட்டால் நேராகிவிடும் என்று சொல்லும் மேஸ்திரிகள் இருக்கிறார்கள். இதில் எச்சரிக்கை தேவை. நீண்டகாலம் அழுத்தத்தில் இருந்த மேல்முகத்தில் நார் மடிந்த குறுக்குக் கோடுகள், மயிரிழை அளவில், விழுந்திருக்கக்கூடும். கவிழ்த்தால் அந்த முகம் இழுவிசைக்கு வருகிறது. அப்போது உத்திரம் முன்னறிவிப்பில்லாமல் முறியலாம். சாய்வெளிச்சத்தில் அந்தக் கோடுகளைத் தேடிப் பார்க்காமல் எதையும் கவிழ்க்கக் கூடாது. எது மேல்முகம் என்று தெரிந்தால்தானே தேடுவது? கழற்றும்போதே சாக்குக்கட்டியால் ஓர் அம்புக்குறி போட்டிருந்தால் போதும்.

ஆணித்துளைகள் அவ்வளவு பயப்பட வேண்டியவை அல்ல. கனத்தின் நடுவரையில் இருக்கும் துளை பலத்தை அதிகம் பாதிக்காது; நடு இடைவெளியில், அடிமுகத்தின் விளிம்பில் இருப்பதுதான் கேடு. உள்ளே முறிந்து கிடக்கும் ஆணிக்கு உலோகங்காட்டி வாங்கிக்கொள்ளுங்கள். அதன் விலை ஒரு நல்ல ரம்பப் பட்டையின் விலையைவிட அதிகமில்லை என்பது பட்டறை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். உளு, தேக்கில் பெரும்பாலும் வெள்ளைப் பகுதியோடு நின்றுவிடும். பழைய துளைகள் இருப்பதாலேயே மரத்தைத் தள்ளாமல், அடியில் கறுப்புத் தாள் விரித்துச் சில நாள் விட்டுப் பார்த்து, புதுமாவு உதிர்ந்தால் மட்டும் வெள்ளையைச் செதுக்கிப் போராக்ஸ் கரைசல் பூசலாம்.

வெயிலும் மழையும் பட்டுச் சாம்பல் நிறமான மேற்பரப்பைப் பற்றி நம்மிடையே இரண்டு மூடநம்பிக்கைகள் உண்டு. நரைத்தது இற்றுப்போனது என்பது ஒன்று. நரைத்தது எல்லாம் வைரம் என்பது மற்றொன்று. புற ஊதாக் கதிர் மரத்தின் லிக்னினைச் சிதைக்க, மழை அதைக் கழுவிவிடுவதால் வரும் நிறம் அது. மென்மரங்களில்கூட இந்தத் தேய்மானம் நூறாண்டுக்குச் சுமார் 6 மில்லிமீட்டர் என்றுதான் மேலைநாட்டு ஆய்வகங்கள் கணக்கிட்டிருக்கின்றன. அடர்ந்த வன்மரங்களில் அதைவிடக் குறைவு. அதன் கீழே மரம் மரமாகவே இருக்கிறது. நரைத்த தோலை இழைத்துத் தள்ளிவிட்டுப் பிறகு சாயத்தால் அதே நிறத்தைக் கொண்டுவரும் உள்ளலங்காரக்காரர்களின் தர்க்கம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வண்ணம் பூசிய மரம் வேறு விஷயம். வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவை 90 பிபிஎம்முக்குள் கட்டுப்படுத்தும் விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எந்தக் கதவின் பச்சையையும் நீலத்தையும் ஈயமாகவே கொள்ள வேண்டும். உலர்ந்த நிலையில் சாண்டர் ஓட்டுவதும், புளோலாம்ப் வைத்து எரித்துச் சுரண்டுவதும், அந்தத் தூசியில் தச்சரின் பிள்ளைகள் விளையாடுவதும் இன்று சாதாரணக் காட்சி. ஈரப்படுத்திச் சுரண்டச் சொல்லி ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கூடுதல் நாட்களுக்கான கூலியையும் கொடுங்கள்.

இனி, செட்டிநாட்டுக்கு வருவோம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் தூணும் போதிகையும் நிலைவாசலும் அடுக்கிக் கிடப்பதைப் பார்க்காத கட்டடக் கலைஞர் நம்மில் குறைவு. அவை வரும் வழியும் தெரிந்ததே. பல பங்காளிகளுக்குப் பொதுவான வீடு. ஆளுக்கோர் ஊரில் இருக்கிறார்கள். பராமரிப்புக்கு யாரும் கை கொடுக்க மாட்டார்கள். வீட்டைப் பங்கு வைக்க முடியாது, மரத்தை விற்ற பணத்தைப் பங்கு வைக்கலாம். செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. அது எந்த வீட்டையும் இடிக்கவிடாமல் தடுத்துவிடாது.

இதில் நம் பங்கு சிறியதல்ல. கடற்கரைச் சாலை விடுதிக்கு எட்டுத் தூண் வேண்டும் என்று வரைபடத்தில் நாம் எழுதுகிறபோது, எங்கோ நன்றாக நிற்கும் ஒரு வளவுக்கு விலை ஏறுகிறது. அந்தத் தூண்கள் வந்து கான்கிரீட் தளத்துக்குக் கீழே எதையும் தாங்காமல் நிற்கின்றன. முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா இதற்கு மாற்றைக் காட்டியது: அழியவிருந்த வீடுகளைப் பகுதி பகுதியாகக் கழற்றிக் கொண்டுவந்து, தச்சர்களை வைத்து மறுபடி வீடாகவே எழுப்பினார்கள். தூண் அங்கே தூணாகவே இருக்கிறது. எல்லோராலும் அது ஆகாது. ஆனால் உத்திரம் உத்திரமாக, அது முடியாதபோது நிலையாக, அதுவும் முடியாதபோது பலகையாக என்ற வரிசையை நம் பட்டறைகளில் கடைப்பிடிக்கலாம். பன்னிரண்டடி உத்திரத்தை முதல் நாளே தேநீர் மேசைகளாக அறுப்பதை இந்த இதழ் மறுபயன்பாடு என்று ஏற்காது.

சட்டமும் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டப்படி, கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த, நூறாண்டுக்குக் குறையாத பொருளும் தொல்பொருளே. உரிமம் இல்லாமல் அதை வணிகமாக விற்கக் கூடாது. தனியார் ஏற்றுமதி செய்யவும் கூடாது. செட்டிநாட்டு வீடுகளில் பெரும்பகுதி இந்த வயதைத் தாண்டிவிட்டது. வெளிநாட்டு வாடிக்கையாளருக்காகச் செதுக்குக் கதவு தேடும் நண்பர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது. இடிபாட்டுக் கழிவுக்கான 2016 விதிகளோ பெரிய இடிப்புகளில் கழிவை நான்காகப் பிரிக்கச் சொல்லி, மரத்தை இரும்போடும் பிளாஸ்டிக்கோடும் ஒரே கூடையில் போட்டன. அரசின் கண்ணில் மரத்துக்கு அவ்வளவுதான் இடம்.

எனவே வேலை நம் மேசையில்தான் தொடங்க வேண்டும். இடிப்பு ஒப்பந்தத்தில் மரத்தைக் கழற்றுவதைத் தனி வேலையாக, தனிக் கூலியோடு எழுதுங்கள். ஆசாரியை இடிப்பவருக்கு முன்பே வரவழையுங்கள். ஒவ்வொரு உறுப்புக்கும் எண், மேல்முக அம்பு, இருந்த இடம், தாங்கிய இடைவெளி, ஒரு புகைப்படம்: ஒரு வீட்டுக்கு இரண்டு நாள் வேலைகூட இராது. கடையில் வாங்குவதானால், எந்த ஊர், எந்த வீடு, ஏன் இடித்தார்கள் என்று கேட்டு, பதிலைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். பதில் இல்லையென்றால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பிவாருங்கள்.