கதை எங்கே என்று கேட்டவர்களுக்கு

போன வாரம் இங்கே ஒரு காமிக்ஸ் பக்கத்தைப் பகிர்ந்திருந்தேன். ஆந்த்ரே மோலோட்டியு தொகுத்து 2009இல் வெளிவந்த அப்ஸ்ட்ராக்ட் காமிக்ஸ் தொகுப்பில் உள்ளது. ஆள் இல்லை, வசனம் இல்லை. கட்டம் கட்டமாகக் கோடும் கறையும்தான்.

பெரியம்மா மகன் கேட்டான், "அண்ணா, கதை எங்கே?" பழைய மாணவர் ஒருவர் எழுதினார், "ஓவியம்னு சொல்லிட்டுப் போங்க சார், காமிக்ஸ்னு ஏன் சொல்றீங்க?" முதல் கேள்விக்குச் சிரித்தேன். இரண்டாவதற்குக் கோபம் வந்தது.

கோயிலில் நாகஸ்வரக்காரர் முக்கால் மணி நேரம் தோடி ஆலாபனை வாசிக்கிறார். ஒரு சொல் கிடையாது. கதை எங்கே என்று யாராவது எழுந்து கேட்கிறோமா? முதல் கட்டத்தில் ஒரு புள்ளி. அடுத்ததில் கொஞ்சம் பெரிது. மூன்றாவதில் அது விளிம்பை முட்டுகிறது. நான்காவது கட்டம் காலி. உள்ளே ஏதோ பதறுகிறதல்லவா, அதுதான் நடப்பு. 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது இரும்புக்கை மாயாவியை அடித்துப் பிடித்து வாங்கியவர்கள் நாம். பல கட்டங்களில் கதாநாயகனே தெரியமாட்டான், கை மட்டும் மிதக்கும்! ஆள் எங்கே என்று அப்போது யாரும் கேட்கவில்லை. இரண்டு கட்டங்களுக்கு நடுவில் இருந்த வெள்ளை இடைவெளியை நாமே நிரப்பிக்கொண்டோம். இந்தப் பக்கமும் அதே வேலையைத்தான் கேட்கிறது.

சரி, ஓவியம் என்றே சொல்லிவிடலாமா? ஓவியத்தை ஒரே பார்வையில் முழுதாகப் பார்க்கலாம், காமிக்ஸைக் கட்டம் கட்டமாக வாசிக்க வேண்டும் என்பார்கள். நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் காண்டின்ஸ்கி 1937இல் வரைந்த 'முப்பது' படத்தைப் பாருங்கள். சதுரங்கப் பலகை போலக் கறுப்பும் வெள்ளையுமாக 30 கட்டங்கள், ஒவ்வொன்றிலும் வேறு வேறு வடிவம். எட்ட நின்றால் ஒரே பலகை. கிட்டப் போனால் கண் தானாக வரிசை பிடித்து ஓடுகிறது. பெல்ஜியத்துக்காரர் அலெஷின்ஸ்கி 1965இல் வரைந்த 'சென்ட்ரல் பார்க்' இன்னும் வெளிப்படை. நடுவில் வண்ண ஓவியம், சுற்றிலும் மையால் வரைந்த சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக. எது ஓவியம், எது காமிக்ஸ்? வேலி எங்கே என்று காட்டுங்கள், நானும் பார்க்கிறேன்.

"ஓவியம்னு சொல்லிட்டுப் போங்க" என்பதில் ஒளிந்திருப்பது அந்தஸ்துக் கணக்கு. காமிக்ஸ் மட்டம், ஓவியம் உசத்தி. லிக்டன்ஸ்டைன் 1963இல் வரைந்த 'வாம்!' சுமார் 4 மீட்டர் அகலம், லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்கு மூலம் ஒரு போர் காமிக்ஸின் கட்டம். அதை வரைந்தவர் இர்வ் நோவிக். இந்தப் பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? (லிக்டன்ஸ்டைனுக்கும் ஏச்சு விழாமல் இல்லை. அமெரிக்காவின் மிக மோசமான ஓவியரா இவர் என்று லைஃப் பத்திரிகை 1964இல் தலைப்பே போட்டது.)

எதிர்த்திசையில் நடந்தவர் பிலிப் கஸ்டன். அரூப ஓவியத்தில் பெரிய பெயர் வாங்கியவர். 1970இல் நியூயார்க்கில் தடித்த கோடு, பெரிய பூட்ஸ், முகமூடி என்று கார்ட்டூன் பாணிப் படங்களை மாட்டினார். விமர்சகர்கள் கிழித்தார்கள். நெருங்கிய நண்பரான இசையமைப்பாளர் மார்ட்டன் ஃபெல்ட்மனுடனான நட்பே முறிந்தது. சிறுவயதில் தபால் வழியில் கார்ட்டூன் படித்த மனிதர், தன் பழைய கையெழுத்துக்குத் திரும்பியதற்கு இவ்வளவு தண்டனை.

அரூப காமிக்ஸ் எல்லாமே பிரமாதம் என்று சொல்லவில்லை. கட்டம் போட்டுக் கிறுக்கினால் ஆயிற்று என்று நினைப்பவர்களும் உண்டு. அந்தத் தொகுப்பில் உள்ள ராபர்ட் கிரம்பின் பக்கங்களே அரூப ஓவியத்தைக் கிண்டல் செய்து வரைந்தவைதான். நல்லதையும் சொத்தையையும் பிரித்துப் பேசுவோம், சண்டை போடுவோம். பெயரைக் கேட்டதுமே தள்ளாதீர்கள்.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்றால், குறைவுதான். எட்டாம் வகுப்பில் படக்கதை வரையச் சொன்னபோது ஒருவன் ஆறு கட்டம் போட்டு, மைக்கறை ஒன்று கட்டத்துக்குக் கட்டம் பரவுவதை மட்டும் வரைந்து வந்தான். "ஆள் எங்கடா?" என்று கேட்டு, பத்துக்கு இரண்டு போட்டேன். வகுப்பே சிரித்தது. அவன் அதன்பின் என் வகுப்பில் விருப்பப்பட்டுப் பென்சில் எடுத்ததில்லை.

தம்பி, நீ இந்தப் பட்டியலில் இருக்கிறாய் என்று தெரியும். அந்தத் தாள் உன்னிடம் இருந்தால் ஒரு போட்டோ அனுப்பு.