கட்டணம் யாரைத் தடுக்கிறது?

நீதிமன்றத்தில் செலவு கூடினால்தான் பொய் வழக்கு குறையும் என்று படித்தவர்களே பேசுகிறார்கள். இது இன்று நேற்று வந்த வாதமல்ல. 1795இல் வங்காளத்தில் வழக்குக் கட்டணத்தை விதித்த கிழக்கிந்தியக் கம்பெனி, அந்தச் சட்டத்தின் முகவுரையிலேயே இதைக் காரணமாக எழுதிவைத்தது. நாற்பது ஆண்டு கழித்து மெக்காலே அந்த முகவுரையை அபத்தத்தின் உச்சம் என்று கிழித்துப் போட்டார். மெக்காலேயைத் திட்ட நமக்கு எத்தனையோ காரணம் உண்டு. இந்த ஒன்றில் அவர் சொன்னது சரி. கட்டணம் கட்ட முடியாதவன் யோக்கியனானாலும் அயோக்கியனானாலும் வாசலோடு திரும்பிவிடுவான். காசுள்ள அயோக்கியன் கட்டிவிட்டு உள்ளே போவான்.

பொய் எப்போதும் வழக்குப் போடுகிறவன் பக்கமே இருக்கும் என்று நினைப்பதுதான் இந்த நம்பிக்கையின் மூலக்கோளாறு. கைமாற்றாகக் கொடுத்த பத்து லட்சத்தைக் கேட்டுத் தமிழ்நாட்டில் வழக்குப் போடுகிறவர் 3 சதவீதம், அதாவது 30,000 ரூபாய், முதலிலேயே கட்ட வேண்டும். 2017 வரை அது 7.5 சதவீதம், 75,000 ரூபாய். வாங்கியவரோ வக்காலத்துக்கு வில்லை ஒட்டி, ‘புரோநோட்டில் இருப்பது என் கையெழுத்தே அல்ல’ என்று எதிருரை போட்டால் போதும். அந்த மறுப்புக்கு மதிப்பின்படி கட்டணம் கிடையாது. அதன்பிறகு வாய்தாமேல் வாய்தா. பெங்களூரின் தக்ஷ் அமைப்பு 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, சிவில் வழக்காடுபவர் ஒரு வாய்தாவுக்குச் சராசரியாக 497 ரூபாய் செலவழிக்கிறார். வேலை கெட்டு 844 ரூபாய் இழக்கிறார். தினக்கூலிக்காரர் எத்தனை வாய்தாவுக்குத் தாங்குவார்? வணிகக் கடனாக இல்லாவிட்டால் தீர்ப்புக்குப் பிந்தைய வட்டியும் ஆண்டுக்கு 6 சதவீதத்தைத் தாண்டாது. இழுத்தடிப்பவருக்கு இதைவிட மலிவான கடன் எந்த வங்கியில் கிடைக்கும்?

ஆகவே செலவு என்னும் ஆயுதத்தை வழக்கின் முடிவில் பயன்படுத்த வேண்டும். அங்கேதான் சட்டம் பல்லில்லாமல் நிற்கிறது. பொய் என்று தெரிந்தே வழக்காடியவரிடம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 35ஏ பிரிவின்படி வாங்கக்கூடிய இழப்பீட்டுக்கு உச்ச வரம்பு 3,000 ரூபாய். 1976இல் திருத்தப்பட்ட தொகை அது! இது போதாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2012இல் சட்ட ஆணையமும் தன் 240ஆவது அறிக்கையில் செலவு விதிகளைத் திருத்தச் சொன்னது. பல தீர்ப்புகளோ இன்னமும் ‘செலவுத்தொகை இல்லை’ என்றே முடிகின்றன.

தோற்றவர் முழுச் செலவையும் தர வேண்டுமென்றால் ஏழை வழக்குப் போடவே பயப்படுவாரே என்று கேட்கலாம். நியாயமான பயம். இங்கிலாந்தில் 2013 முதல், உடற்காய இழப்பீடு கேட்டுத் தோற்றவர் பொதுவாக எதிர்த்தரப்பின் செலவைத் தர வேண்டியதில்லை; நேர்மையற்ற வழக்குக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. நேர்மையாகத் தோற்றவரையும் துணிந்து பொய் சொன்னவரையும் பிரிப்பது நீதிபதிக்கு முடியாத காரியமல்ல. சாட்சியை எடைபோடுவதே அவர் வேலை. கட்டணம் குறைந்தால் அரசுக்கு வருமானம் போகுமே என்பது அடுத்த கேள்வி. காவல் நிலையத்தை அதன் வசூலில் நடத்தச் சொல்லாதபோது நீதிமன்றத்துக்கு மட்டும் ஏன் அந்தக் கணக்கு?

வணிகத் தகராறுகளுக்கு இந்த 3,000 ரூபாய் வரம்பை நாடாளுமன்றம் 2015இலேயே நீக்கிவிட்டது. தோற்றவர் செலவு தருவதே பொது விதி என்றும் எழுதிவைத்தது. வரப்புத் தகராறுக்கும் பாகப்பிரிவினைக்கும் கைமாற்றுக் கடனுக்கும் அதே திருத்தத்தைக் கொண்டுவரட்டும். நுழைவுக் கட்டணத்துக்கு உச்ச வரம்பும் வைக்கட்டும்.