பாதரசமும் தலைவிதியும்

தொழிற்சாலையில் வேலை செய்கின்றவனுக்குக் கை நடுங்கினால், ஞாபகம் கெட்டால், அது அவன் தலைவிதி என்று சொல்லி முடித்துவிடுவது நம் நாட்டில் வெகு சுலபமான வழக்கமாயிருந்து வருகின்றது. விதி என்று சொல்லிவிட்டால் முதலாளிக்குச் செலவில்லை, சர்க்காருக்கு வேலையில்லை, தொழிலாளிக்கும் கேள்வி கேட்கும் சிரமமில்லை.

தேனி, கம்பம் பள்ளத்தாக்குத் தோழர்கள் இதற்கு அத்தாட்சி தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. தலைக்கு மேலேயுள்ள கொடைக்கானல் மலையே போதும். அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த தர்மாமீட்டர் தொழிற்சாலையொன்று 1983-இல் அங்கு வைக்கப்பட்டு, பின்னர் இந்துஸ்தான் லீவர் கம்பெனியின் கைக்கு வந்தது. பாதரசம் கலந்த கண்ணாடி உடைசல்கள் ஊருக்குள் பழைய சாமான் கிடங்கில் கிடந்தது வெளிப்பட்ட பிறகே, 2001-இல் அது மூடப்பட்டது. அதையடுத்த சோலையில் ஓடும் பாம்பாற்றுத் தண்ணீர்தான் பெரியகுளத்துக்குப் பக்கத்தில் கும்பக்கரை அருவியாக விழுகின்றது.

பாதரசம் அடுப்பிலேற்றாமலே ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமில்லை, வாசனையில்லை. மூச்சோடு உள்ளே போய் நரம்பையும் மூளையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். வேலைத்துணியில் ஒட்டி வீட்டுக்குள்ளும் வரும். இது இரகசியமல்ல. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே பாதரச விஷநோயைச் சர்க்காருக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் ஜாப்தாவில் சேர்த்திருந்தது. போபால் விஷவாயுச் சாவுக்குப் பின், 1987-இல், ஆபத்தான சரக்கு இன்னதென்று தொழிலாளிக்குச் சொல்லவேண்டியது முதலாளியின் கடமையென்றும் அதில் சேர்க்கப்பட்டது.

ஆனால் நடந்ததென்ன? தங்கள் வியாதிகளுக்குப் பாதரசமே காரணமென்றார்கள் தொழிலாளிகள். எவருக்கும் கேடு வரவில்லையென்றது கம்பெனி. 591 பேருக்கு உதவித்தொகை தர உடன்படிக்கை ஏற்பட்டதோ 2016-இல்! இந்த 15 வருஷமும் காரணத்தை மெய்ப்பிக்கும் பாரம் நோயாளியின் தலைமேலல்லவா கிடந்தது? இது என்ன நியாயம் என்று கேட்கின்றோம்.

ஆகையால் பாட்டரிப் பட்டறையில் ஈயத்தையும், முலாம் பட்டறையில் குரோமியத்தையும் கையாளும் தோழர்கள் இன்றைக்கே விழித்துக்கொள்ள வேண்டும். கையிலெடுக்கும் சரக்கின் பேரைக் கேளுங்கள். கை கழுவாமல் சாப்பிடாதீர்கள். வேலைத்துணியை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். ரத்தத்தையும் மூத்திரத்தையும் காலாகாலத்தில் சோதிக்கச் சொல்லி, அந்தச் சீட்டின் நகலை உங்கள் வீட்டுப் பெட்டியில் வையுங்கள். நாளைக்கு வழக்காடும்போது பேசப்போவது அந்தச் சீட்டுதான், தலையெழுத்தல்ல.

ஆயுத பூஜையன்று இயந்திரத்துக்குச் சந்தனம் பூசுகின்ற முதலாளி, புகையை வெளியே தள்ள ஒரு விசிறி வைத்தாரா என்று கேட்பது நாஸ்திகமானால், அந்த நாஸ்திகம் ஒவ்வொரு பட்டறைக்கும் அவசியம் வேண்டும்.