சீசன் வந்தாச்சு... கொஞ்சம் வழி விடுங்க!

மே மாசம் வந்தா ஊட்டிக்காரங்க நாங்க வெளியே கிளம்பவே யோசிப்போம். மலர்க் கண்காட்சி உங்களுக்கு, டிராஃபிக் ஜாம் எங்களுக்கு! வராதீங்கன்னு சொல்லலை. நீங்க வந்தாத்தான் எங்க தெருவுல பல வீட்ல அடுப்பெரியும். நீங்க வண்டி ஓட்டுறதைப் பார்த்தாத்தான் பயமா இருக்கு.

மலைப்பாதையில ஏறி வர்ற வண்டிக்குத்தான் முதல்ல வழி விடணும். எந்த கியர்ல ஏறுனீங்களோ அதே கியர்ல இறங்கணும். பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரல்ல உருட்டிட்டு வந்தா பிரேக் சூடாகிப் பிடிக்காமப் போகும்.

போன சீசன்ல பர்லியார் பக்கம், லாரியை முந்தப் பார்த்த ஒரு கார் கொண்டை ஊசி வளைவுல எங்க பஸ்ஸுக்கு முன்னாடி சிக்கிக்கிச்சு. எங்களுக்குப் பின்னாடி கோயம்புத்தூர் போற ஆம்புலன்ஸ். இருபது நிமிஷம் சைரன் கேட்டுட்டே இருந்துச்சு. உள்ளே யாரு, என்ன ஆனாங்க... இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

2024 மே 7-லேர்ந்து இ-பாஸ் வந்துச்சு. 2025 சீசனுக்கு நீலகிரிக்கு நாளைக்கு 6,000 வண்டி, வார இறுதியில 8,000-னு ஹைகோர்ட் கணக்கு வெச்சது. நல்லதுதான். ஆனா மலையில ஓட்டத் தெரியுமான்னு இ-பாஸ் கேக்கலையே!

(எங்க ஊர்ப் பசங்க மட்டும் யோக்கியமான்னு கேக்காதீங்க. டிஎன் 43 நம்பர் பிளேட்டோட வளைவுல பறக்குறவங்க என் கிளாஸ்லயே இருக்காங்க. அவங்களும் இதைப் படிப்பாங்க.)