காலடியில் கிடப்பவன் யார்?

காசுக்கு இரண்டு பக்கம் உண்டு என்பதைப் ‘பூவா, தலையா’ ஆடும் சிறுவனும் அறிவான். ஆனால் வரலாறு எழுதப் புகுந்தவர்களிலே பலர் தலைப்பக்கத்தை மட்டுமே பார்த்தார்கள். எந்த மன்னன், எத்தனை ஆண்டு ஆண்டான் என்று கணக்கெடுத்ததோடு சரி. காசைத் திருப்புங்கள் என்கிறோம் நாம்.

கரூரிலே அமராவதி ஆற்று மணலிலும், மதுரையிலும் ரோமப் பேரரசின் செப்புக் காசுகள், வெண்கலக் காசுகள் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலும் கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. விரல் நகத்தளவுதான், பல காசுகள் இரண்டு கிராம் எடைகூட இல்லை. தேய்ந்து தேய்ந்து முகம் மழுங்கியவை ஏராளம். தேய்மானம் எதைக் காட்டுகிறது? பெட்டியில் உறங்கிய காசல்ல, கைமாறி உழைத்த காசு என்பதைக் காட்டுகிறது!

அக்காலக் காசுகளின் முன்பக்கத்திலே முடிசூடிய பேரரசன். பின்பக்கத்திலே? ஒரு வகைக் காசில், வெற்றித் தெய்வம் ஒரு கைதியைப் பிடித்து இழுத்துச் செல்கிறாள். சுற்றிலும் பொறித்த வாசகத்தின் பொருள், ‘நாட்டின் நலம்’! இன்னொரு வகையில், குதிரையோடு வீழ்ந்தவன்மீது வீரன் ஈட்டி பாய்ச்சுகிறான். வாசகத்தின் பொருள், ‘நற்காலம் திரும்பிற்று’!

யாருடைய நலம்? யாருக்கு நற்காலம்? இழுபட்டவனைக் கேட்டார்களா? ஈட்டி தாங்கியவனைக் கேட்டார்களா?

ஆரம்பாக்கம் எல்லையிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட் வரை, எந்திரத்தின் முன் நின்று தகடு அடிக்கும் தோழர்களுக்குக் காசு பிறக்கும் விதத்தை நாம் விளக்கத் தேவையில்லை. கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு, நடுவிலே உலோக வில்லை, ஓங்கி ஒரு சம்மட்டி அடி! அச்சில் வெட்டியதுதான் காசில் விழும். என்ன வெட்டுவது என்று முடிவு செய்தது அரண்மனை. சம்மட்டி தூக்கியது உழைப்பாளியின் கை.

அந்தக் கைகளுக்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? கி.பி. 64இல் நீரோ மன்னன் வெள்ளிக் காசிலே வெள்ளியைக் குறைத்தான். பின்வந்தவர்களும் குறைத்தார்கள். 260களின் முடிவிலே நூற்றுக்கு ஐந்து பங்கு வெள்ளிகூட இல்லை. வெண்கலத்தின்மேல் வெள்ளிப் பூச்சுதான் மிஞ்சிற்று. குறைத்தவர்கள் கோமான்கள். ஆனால் 271 வாக்கில், காசைச் சுரண்டிய பழி நாணயச் சாலைத் தொழிலாளர் தலையில் விழுந்தது. அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். சீலியன் குன்றிலே போர் மூண்டது. அவுரேலியன் படையிலே ஏறத்தாழ 7,000 வீரர் மாண்ட பிறகே கிளர்ச்சி அடங்கியது என்று பழைய வரலாற்றாசிரியர் எழுதி வைத்தார். மாண்ட வீரரை எண்ணியவர், மடிந்த தொழிலாளரை எண்ணவில்லை!

தமிழ்நாடு அந்த முகத்தைக் கண்டு மயங்கிற்றா? இல்லை. புதுக்கோட்டைச் சீமையிலே கருக்காக்குறிச்சியில் 1898இல் 501 ரோமப் பொற்காசுகள் கிடைத்தன. மிகப் பலவற்றிலே மன்னன் முகத்தின் குறுக்கே வெட்டு! ஏன் வெட்டினார்கள் என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். ஒன்று மட்டும் திண்ணம்: வெட்டிய கை முகத்துக்கு அஞ்சவில்லை, உலோகத்தை மதித்தது.

‘நாட்டின் நலம்’ என்று காசடித்தவர்களிலே ஒனோரியஸ் ஒருவன். அவன் ஆட்சியிலேதான், 410இல், ரோமாபுரியே கொள்ளை போயிற்று. வாசகம் பளபளத்தது, வாழ்வு இருண்டது. எழுத்தை நம்பாதே, எடையைப் பார் என்பதே அந்தக் காசு தரும் பாடம். கூலி உயர்ந்தது என்பார்கள். அந்தக் கூலி எத்தனை படி அரிசி வாங்கும் என்று கேளுங்கள்! ஊர் செழித்தது என்பார்கள். யார் வீட்டு அடுப்பு எரிகிறது என்று பாருங்கள்!

அடித்தளம் தோண்டும் தோழர்களே! பழைய உலோகம் பிரிக்கும் தோழர்களே! மண்ணிலே இப்படி ஒரு காசு தென்பட்டால், பழைய செம்பு என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை நாம். மன்னன் முகத்துக்குச் சிலை உண்டு, ஏடு உண்டு, மாளிகை உண்டு. இழுபட்டவனுக்கு இருக்கும் இடம் அந்த நகத்தளவு வெண்கலம். அதையும் நாமே உருக்கிவிடலாமா?